கம்பில் மாட்டும் ஜன்னல் பிரஷ்ஷின் எடையைக் குறைப்பது எப்படி?

வாளையாறில் மாடிக் கண்ணாடி துடைக்கும்போது, தண்ணீர் பாயும் பிரஷ் தோளை வாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நுனி எடைதான் வில்லங்கம். 5 மீட்டர் கம்பின் நுனியில் 200 கிராம் குறைப்பதும், கைப்பிடியிலிருந்து 1 மீட்டரில் 1 கிலோ குறைப்பதும் ஒன்றுதான்.

முதலில் பித்தளை நாசிலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடுங்கள். போல்ட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அறுத்துவிடலாம். அப்புறம் நார்க்கொத்துகளுக்கு நடுவே கட்டையில் துளையிடுங்கள். கம்பு மாட்டும் இடத்தில் மட்டும் வேண்டாம், விரிசல் விடும். உள்ளே தண்ணீர் ஓடும் கட்டையென்றால் துளையே கூடாது. நடு வரிசை நாரைக் கொஞ்சம் பிடுங்கினால் தேங்கும் தண்ணீரும் குறையும். ஓர வரிசையைத் தொடாதீர்கள், கட்டை கண்ணாடியில் இடிக்கும்.

ரொம்பவும் இளைக்க வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்றில் பிரஷ் சொன்ன இடத்தில் நிற்காது.