மெத்திசிலினை வென்றது நொதி அல்ல

மெத்திசிலினை எதிர்க்கும் கிருமியும் அதை நொதியால்தான் உடைக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, 1961-இல் லண்டனில் ஆய்வாளர் பாட்ரிசியா ஜெவன்ஸ் அறிவித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வகை, மெத்திசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்தை நொதியால் உடைக்கவில்லை. உங்கள் செமினார் கட்டுரை "பெனிசிலினேஸ் நொதி இன்னும் வலுவானதா?" என்ற கேள்வியில் முட்டி நிற்பதற்குக் காரணம், இரண்டு தற்காப்புகளை ஒன்றாக எண்ணியதுதான் என்று தோன்றுகிறது.

1944-இல் ஆய்வாளர் கிர்பி காட்டியது, பெனிசிலினை உடைக்கும் இந்தப் பெனிசிலினேஸ் நொதி. கிருமி மருந்தையே வெட்டிப்போடுகிறது. அந்த வெட்டுக்குத் தப்பும்படி உருவாக்கியதுதான் மெத்திசிலின். அப்புறம் கிருமி வழியை மாற்றியது. மெக்-ஏ என்ற மரபணு தரும் பி.பி.பி. 2ஏ என்ற புரதம், மருந்து இருக்கும்போதும் கிருமியின் செல்சுவரைக் கட்டிக்கொண்டே போகும். மருந்து அதில் சரியாக ஒட்டாது.

கல்லூரி ஆய்வகத்தில் கிருமி வளர்த்த ஒரு தட்டைப் பாருங்கள். மெத்திசிலின் எதிர்ப்பைக் கண்டறியப் பயன்படும் செஃபாக்சிடின் மருந்து 30 மைக்ரோகிராம் கொண்ட வில்லையைச் சுற்றிய தெளிந்த வட்டத்தின் விட்டத்தை, மூடிய தட்டின் அடிப்பக்கம் ஸ்கேல் வைத்து அளக்கவும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினை எதிர்க்கும் வகை. இன்குபேட்டர் 35 டிகிரியைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

ஒன்று மட்டும்: மெத்திசிலின் வந்ததால்தான் இந்த எதிர்ப்பே பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய முள்ளெலிகளிடம், மெக்-ஏ போலவே எதிர்ப்பைத் தரும் மெக்-சி மரபணு கொண்ட கிருமி வகை, மருந்து புழக்கத்துக்கு வெகு முன்பே இருந்ததை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.