இஞ்சினியர் ஐயா என்ன கட்டினார்? – கடிதம்

அன்புள்ள அண்ணை,

இஞ்சினியர் ஐயா காலமானதைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒட்டுசுட்டானில் இருந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு விரால் கொண்டுவந்து தந்ததைச் சொல்லிச் சிரித்தா, பிறகு அழுதா. ஆனால் எனக்கு ஒரு குறை. பாட்டுக் கேட்டார், தூண்டில் போட்டார் என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் சிவில் இஞ்சினியரிங் படித்து இங்கே டொரோண்டோவில் வேலை செய்கிறேன். ஓர் இஞ்சினியரை அவர் கட்டியதை வைத்துத்தானே நினைக்க வேண்டும்? அவர் கட்டிய குளம் எது? உடைய இருந்த குளக்கட்டை ஒரே இரவில் காப்பாற்றினார் என்று அம்மா சொல்கிறா. அது எந்த இடம்?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

அவர் ஒரு குளமும் கட்டவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் பெரிய குளங்கள் எழும்பிய காலம் அவருக்கு முன்பே முடிந்துவிட்டது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. வேலையாட்கள் முகாம் போட்ட இடம்தான் பின்னாளில் கிளிநொச்சி நகரம். அப்புறம் குளக்கட்டை உயர்த்தி உயர்த்தி, எழுபதுகளின் கடைசியில் அது 1,06,500 ஏக்கர் அடி கொள்ளும் குளமானது. ஐயாவுக்கு வாய்த்தது வேறு வேலை. யாரோ கட்டிவைத்த குளங்கள் உடையாமல் பார்க்கிற வேலை. அதுவும் தொண்ணூறுகளில், சீமெந்து இல்லை, இரும்பு இல்லை, பற்றரி இல்லை என்று பொருளாதாரத் தடை இருந்த நாட்களில். நீங்கள் படித்த புத்தகங்களில் அதற்கு ஒரு பாடம் இருக்கிறதோ தெரியாது.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்குண்டு. ஐயா யாழ்ப்பாணத்து இணுவில்காரர். தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தியின் ஊர். தட்சிணாமூர்த்தி 1975இல் போய்விட்டார், ஆனால் அவர் வாசித்த ஒரு கசற் ஐயாவிடம் இருந்தது. 97இல் எனக்குப் பதினான்கு வயது. பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சைக்கிள் மிதிப்பது என் வேலை. வீதியில் அல்ல, முற்றத்தில், ஸ்ராண்டில் நிறுத்தியபடி. சக்கரத்தோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் போய் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் நுழையும். டைனமோ தருவது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடுகிற மின்; அதைக் கசற் பெட்டிக்கு அப்படியே கொடுக்க முடியாது. பழுதான ரேடியோவிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் கழற்றி, சிரட்டைக்கரியில் கம்பியைக் காய்ச்சி ஈயம் வைத்து, அந்தச் சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கியிருந்தார். அதன் மறுபக்கத்திலிருந்து ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம் வரும், பாட்டு வரும்.

என் கால் தளர்ந்தால் கசற் மெதுவாகச் சுழலும். நாதஸ்வரம் அரைக்கட்டை இறங்கிவிடும், தவில் நித்திரைத் தூக்கத்தில் வாசிப்பதுபோல் கேட்கும். ஐயா கண்ணைத் திறக்கமாட்டார். தொடையில் தாளம் போட்டபடியே, "தம்பி, சுருதி இறங்குது, மிதி" என்பார். பயந்துபோய் ஊன்றி மிதித்தால், "இப்ப ஏறிப்போச்சு, விடு" என்பார். ஒரே வேகத்தில் மிதிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கொடுப்பது பனங்கட்டித் துண்டும் தேத்தண்ணியும்தான்.

இனி மீன். விடிய நாலரை மணிக்குக் குளக்கட்டில் நிற்பார். மயிலிறகின் தண்டை வெட்டி மிதப்பு, மண்புழு இரை. பெரும்பாலும் ஜப்பான் மீன்தான் கொத்தும். பெயர்தான் ஜப்பான், அது ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக்கு வந்தது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். விராலுக்குத் தவளை வைப்பார். ஆனால் தண்ணீரின் மேலே செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் நெளிந்தால் அந்தப் பக்கம் தூண்டிலே போகாது. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், கிட்டப்போகும் எதையும் கொத்தும், அந்த நேரம் பிடிப்பது மிகச் சுலபம். அதனால்தான் பிடிக்கமாட்டார். ஆட்கள் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன்.

அவர் மீன்பிடித்ததே குளத்தைக் கண்காணிக்கத்தான் என்று எழுதினால் உங்கள் மனம் ஆறும். எழுதமாட்டேன். மீன் பிடிப்பது அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். குளக்கட்டில் ஒரு வேலையும் இல்லாத நாளிலும் போனார், ஒன்றும் கொத்தாத நாளிலும் போனார். ஆனால் நாள்தோறும் குளக்கட்டில் நடக்கிறவனுக்கு அதன் முகம் பழகிவிடும். இது வேறு கதை.

அம்மா சொன்னது 97 மார்கழியில். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. விடியத் தூண்டிலோடு போனவர் திரும்பும்போது கட்டின் மறுபுறம், அடிவாரத்தில், எறும்புப் புற்றுப்போல ஒரு மண்குவியலைக் கண்டார். அதன் நடுவில் தண்ணீர் கொப்பளித்தது. கையில் ஏந்திப் பார்த்தார்: கலங்கல். கட்டு என்றால் கொஞ்சம் கசியும், தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் போகிறது, உள்ளே குழாய்போல் வழி திறக்கிறது என்று அர்த்தம்.

கமக்காரர் எல்லாரும் களிமண்ணோடு ஓடிவந்தார்கள், அடைக்க. "அடைக்காதேங்கோ!" என்று அவர் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குமுன் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இங்கே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னோர் இடத்தைத் துளைக்கும். பழைய உரப்பைகளில் மண் நிரப்பி ஊற்றைச் சுற்றி வட்டமாக அடுக்கச் சொன்னார், கிணற்றுக்கட்டு மாதிரி. வட்டத்துக்குள் முதலில் மணல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் பெரிய கல். உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறியது. ஏற ஏற, உள்ளிருந்து தள்ளுகிற வேகம் அடங்கியது. மணல் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டது. விடிய ஆறு மணிக்குத் தொடங்கி நடுச்சாமம் தாண்டித்தான் முடிந்தது, ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரே இரவு அல்ல. கடைசியாக ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்து, அரிக்கேன் லாம்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அப்புறம் விடிய விட்டுவிட்டு வந்த தூண்டிலைத் தேடிப் போனார். யாரோ மிதித்து முறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சீமெந்து கிடைக்கிற காலம் வந்தபின் அந்த இடத்தை ஒழுங்காகத் திருத்தினார்கள். அதில் ஐயாவின் பங்கு இல்லை, அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இடம் கேட்டிருந்தீர்கள். அடுத்தமுறை ஊருக்கு வந்தால் மாரியில் வாருங்கள். துருசிலிருந்து, அதாவது மதகிலிருந்து, வலக்கைப் பக்கம் கட்டால் நடந்து, கீழே ஒற்றை மருதமரம் நிற்கிற இடத்தில் இறங்குங்கள். புல்லு மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும், செருப்பு நனையும். போன மார்கழியில் நான் கையில் ஏந்திப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர்தான்.

அன்புடன்,
அண்ணை