டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி டிஸ்சார்ஜ் கேட்டுப் போனால், கையெழுத்து வாங்கியதோடு செவிலியரின் பொறுப்பு முடிந்துவிடுமா?

முடியாது. ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர்கள் வந்து படுக்கும் வார்டில் வேலை செய்யும் செவிலியராகச் சொல்கிறேன். விவரம் தெரிந்துதான் போகிறார் என்பதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி. விவரத்தையே சொல்லாமல் தாளை நீட்டி வாங்கினால் அது எதற்குச் சாட்சி?

கேட்ட உடனே தாளை எடுக்காதீர்கள். ஏன் போகிறார் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடியும் நேரத்தில், காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருப்பவர்கூட வீட்டுக்குப் போகணும் என்பார். இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீடு அது. அவரிடம் "உயிர் முக்கியமா, படகு முக்கியமா?" என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக உள்ளதைச் சொல்லலாம்: கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, திறந்த புண்ணில் ஏறினால் சர்க்கரை நோயாளிக்குக் காலோ உயிரோ போகலாம். இதைக் கேட்டு, "சரி சிஸ்டர், முதல் தடவை தம்பி போகட்டும்" என்று தங்கியவர்கள் உண்டு. தங்காதவருக்கு, ஊசியை மாத்திரையாக மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதும், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்ற எழுதி வாங்குவதும் நம் வேலைதான்.

எனக்கு அதிகம் மனம் பதறுவது பிரசவ வார்டில். பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பெண் பேசாமல் படுத்திருப்பாள், மாமியாரோ கணவரோ டிஸ்சார்ஜ் கேட்பார்கள். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், தெளிந்த மனமுள்ள பெரியவருக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதத்தைக்கூட ஏற்கவில்லை. அப்படியிருக்க, வீட்டார் மட்டும் கையெழுத்துப் போட்டு எப்படி அனுப்புவது? உறவினரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். அவளே போகிறேன் என்றால், பிரசவத்துக்குப் பிறகும் சில நாள், அரிதாகச் சில வாரம் வரைகூட வலிப்பு வரலாம் என்பதையும், கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

குழப்பமாகப் பேசுகிறவர் விஷயம் வேறு. சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், தலையில் அடி இருக்கலாம், குடி நிறுத்தியதால் வந்த நடுக்கமாக இருக்கலாம். முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று டாக்டர் பார்க்கும்வரை கையெழுத்துப் பேச்சே வேண்டாம். தெளிவாக இருப்பவரையோ, பில் பாக்கி உள்ளவரையோ பிடித்து வைக்க நமக்கு உரிமை இல்லை.

அப்புறம், கையில் வென்ஃப்ளானோடு, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகிய சிறு குழாயோடு, ஆட்டோ ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கழற்றி அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரையையும் கோபத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். "இனி இங்க வராதீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால், நிலைமை மோசமானாலும் அவர் வெட்கப்பட்டு வரமாட்டார். "எந்த நேரமும் வாங்க, பார்ப்போம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன ஆபத்து சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், டாக்டருக்கு எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதை அவர் படி இறங்குவதற்குள் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.