கணினிக் கேள்வி பதில்: விலை மட்டும்தானே மாறுகிறது, தேடல் ஏன் திணறுகிறது?

கேள்வி: பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சுமார் 80,000 பொருட்கள், தேடலுக்கு அபாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருள். டொலர் ஏறினால் முதலாளி உடனே விலையை மாற்றச் சொல்வார், இருப்பும் நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் பொருளின் முழு விவரத்தையும் திரும்ப அனுப்புகிறேன், தேடல் இழுபடுகிறது. விலை ஃபீல்டை மட்டும் மாற்ற வழியில்லையா?
(வாசகர், கொழும்பு 10)

பதில்: வழி இருக்கிறது. அதற்கு முன் ஒரு கேள்வி: ஒவ்வொரு பொருளையும் அனுப்பிய கையோடு கமிட் (மாற்றங்களை நிலைப்படுத்தித் தேடலில் தெரியவைக்கும் கட்டளை) போடுகிறீர்களா? போட்டால் முதலில் அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் சோலர் புதிய சேர்ச்சர் (தேடலுக்குப் பதில் தரும் பகுதி) ஒன்றைத் திறக்கிறது, முந்தைய தேடல்களிலிருந்து அதுவரை சேர்த்துவைத்த கேஷ் எல்லாம் வீணாகிறது. ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டாக அனுப்பிவிட்டு, கமிட் வேலையைத் தானாக நடக்கும் ஆட்டோ கமிட்டிடம் விட்டுவிடுங்கள். பல தளங்களில் நோயே இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சோலருக்கு அடியில் ஓடுவது லூசீன் என்ற தேடல் லைப்ரரி. அது இன்டெக்ஸை (தேடலுக்கான சொல் அட்டவணையை) செக்மென்ட் என்ற துண்டுகளாக எழுதும், ஒன்றை எழுதி முடித்தால் திரும்பப் போய்த் திருத்தாது. 'டொயோட்டா பிரேக் பேட்' என்று நீங்கள் கொடுத்த பெயர் உள்ளே ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, 'டொயோட்டா' என்ற சொல்லின் பட்டியலில் அந்தப் பொருளின் எண், 'பிரேக்' பட்டியலில் அதே எண், 'பேட்' பட்டியலில் இன்னொரு தடவை என்று சிதறிக் கிடக்கும். அதனால் ஒரு எழுத்தை மாற்றினாலும் பழைய டாக்குமென்ட்டை (அந்தப் பொருளின் பதிவை) 'அழிந்தது' என்று குறித்துவிட்டு முழுவதையும் புதிதாக எழுதுகிறது. குறிக்கப்பட்டது உடனே போவதுமில்லை, செக்மென்ட்டுகள் ஒன்றாக மேர்ஜ் ஆகும்போதுதான் இடம் காலியாகும்.

சோலரில் 'அட்டாமிக் அப்டேட்' என்று ஒன்று உண்டு. பொருளின் ஐடியையும், விலைக்கு 'செட்' என்று புதிய எண்ணையும் மட்டும் அனுப்பினால் போதும். அனுப்புகிற தரவு குறையும், உங்கள் புரோகிராமும் சின்னதாகும். ஆனால் உள்ளே நடப்பது அதே கதைதான்: சோலர் பழைய டாக்குமென்ட்டைத் தானே எடுத்து, விலையை மாற்றி, மறுபடி முழுசாக எழுதும். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பழையதை எடுக்க வேண்டுமானால் எல்லா ஃபீல்டும் ஸ்டோர்ட் (கொடுத்த மதிப்பு அப்படியே சேமிக்கப்படுவது) ஆகவோ டொக்வேல்யூஸ் (ஒரு ஃபீல்டின் மதிப்புகள் தனி நிரலாக, அதாவது கொலமாக, அடுக்கப்படுவது) ஆகவோ இருக்க வேண்டும், காப்பி ஃபீல்டின் (ஒரு ஃபீல்டை இன்னொன்றுக்குப் பிரதியெடுக்கும் அமைப்பு) இலக்குகளுக்கு மட்டும் விலக்கு. இடத்தை மிச்சப்படுத்த விவரண ஃபீல்டை ஸ்டோர் செய்யாமல் விட்டிருந்தால், விலை மாறிய மறுநொடி அந்த விவரணம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச் செய்திகூட வராது, வாடிக்கையாளர் தேடும்போது பொருள் வராது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பது உண்மையில் 'இன்-பிளேஸ் அப்டேட்'. சோலர் 6.5 முதல் இருக்கிறது. ஃபீல்ட் எண்ணாக இருக்க வேண்டும், ஒற்றை மதிப்பு, டொக்வேல்யூஸ் ஆன், இன்டெக்ஸ்ட் ஆஃப், ஸ்டோர்ட் ஆஃப். ஸ்கீமாவில் (ஃபீல்டுகளை வரையறுக்கும் இடத்தில்) உள்ள வெர்ஷன் ஃபீல்டுக்கும் இதே நிபந்தனை. அப்படி அமைத்தால் 'செட்' (புதிய மதிப்பை வைப்பது), 'இன்க்' (இருப்பதோடு கூட்டுவது) இரண்டும் டாக்குமென்ட்டைத் தொடாமல் அந்த எண் நிரலை மட்டும் மாற்றும். விலை வாரியாக வரிசைப்படுத்தலாம், 5,000 ரூபாவுக்குக் கீழே என்று வடிகட்டவும் முடியும், இன்டெக்ஸ் செய்த ஃபீல்டைவிடக் கொஞ்சம் மெதுவாக. 'இருக்கு, இல்லை' என்பதையும் 1, 0 என்று எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் அதிகம் சறுக்குவது எங்கே தெரியுமா? விலையோடு சேர்த்து 'மாற்றியவர் பெயர்' மாதிரி ஒரு எழுத்து ஃபீல்டையும் அனுப்புவார்கள். ஒன்று தகுதியில்லை என்றால் முழு அப்டேட்டும் பழைய முறைக்குப் போய்விடும், எச்சரிக்கை எதுவும் இல்லாமல். புதிய பதிப்புகளில் 'இன்-பிளேஸாக முடியாவிட்டால் மறுத்துவிடு' என்று சொல்ல ஒரு பராமீட்டர் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, கமிட்டின்போது அந்தச் செக்மென்ட்டில் அந்த ஃபீல்டின் நிரல் முழுவதும் புதிதாக எழுதப்படும். ஒரு பொருள் மாறினாலும் அப்படித்தான். கட்டாக அனுப்பச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

டொலர் சங்கதிக்கு என் யோசனை வேறு. 80,000 விலைகளையும் ஏன் மாற்ற வேண்டும்? சோலரில் கரன்சி ஃபீல்ட் வகை ஒன்று இருக்கிறது. பொருளின் விலையை டொலரிலோ யென்னிலோ வைத்துவிட்டு, மாற்று விகிதத்தை ஒரு தனிக் கோப்பில் வையுங்கள். தேடும் நேரத்தில் அது ரூபாவாக மாற்றிக் கணக்குப் போடும், வரிசைப்படுத்தவும் செய்யும். டொலர் அசைந்தால் ஒரு வரியை மாற்றி ரீலோட் செய்தால் முடிந்தது. முதலாளி 4,730ஐ 4,750 ஆக்கித்தான் விற்பேன் என்பார், அதைத் திரையில் காட்டும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் எலாஸ்டிக்சேர்ச் என்ற இன்னொரு தேடல் மென்பொருளைப் பாவிக்கிறோம். அதில் அப்டேட் ஏபிஐ (மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வசதி) இருப்பதால் இந்தத் தலையிடி இல்லைதானே?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அதே தலையிடிதான். அப்டேட் ஏபிஐயும் சோர்ஸை (முன்பு அனுப்பிய மூலப் பதிவை) எடுத்து, நீங்கள் தந்ததை அதில் கலந்து, முழு டாக்குமென்ட்டையும் மறுபடி இன்டெக்ஸ் செய்கிறது. சோலரின் இன்-பிளேஸ் மாதிரி ஒன்றை அது உங்களுக்குத் தருவதில்லை. ஆனால் ஒரு நல்ல பழக்கம் அதற்கு உண்டு: அனுப்பிய மதிப்பு ஏற்கனவே இருப்பதுதான் என்றால் எதுவும் எழுதாமல் விட்டுவிடும், அதனால் மாறாத விலைகள் கட்டோடு போனாலும் பெரிய சேதமில்லை. பல்க்காக அனுப்புங்கள், பெரிய பதிவேற்றம் நடக்கும்போது ரிஃப்ரெஷ் இடைவெளியை (மாற்றங்கள் தேடலில் தெரிய எடுக்கும் இடைவெளியை) 1 வினாடியிலிருந்து 30க்கு நீட்டுங்கள். ஒரே பொருளை இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் 409 பிழை வரும், மறுமுயற்சி எண்ணிக்கையைக் கொடுத்து வையுங்கள். அப்புறம், இருப்பு எத்தனை என்று கடைசியாகப் பார்ப்பதைத் தேடல் இன்டெக்ஸில் வைக்காதீர்கள், பணம் கட்டும் பக்கம் தரவுத்தளத்தையே கேட்கட்டும்.