புழு விடும் தூது: கேள்வி பதில்

குடற்புழுவும் யானைக்கால் புழுவும் நம் எதிர்ப்பு சக்தியை எப்படிச் சமாளிக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் என் பகல்பொழுது இந்தப் புழுக்களோடுதான் போகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சின்ன முள் குத்தினாலே சீழ் கட்டுகிறது. இவ்வளவு பெரிய நாக்குப்பூச்சி குடலில் கிடக்கும்போது உடம்பு ஏன் சும்மா இருக்கிறது?

சும்மா இருப்பதில்லை தம்பி. ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது சண்டையின் அடையாளம். ஆனால் புழு ஓயாமல் புரதங்களைச் சுரந்து வெளியே விடுகிறது. அவை நம் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியில் குறுக்கே புகுந்து சண்டையைத் தணித்துவிடுகின்றன. பாக்டீரியா மாதிரி உள்ளேயே பெருக்கிக்கொள்ள இந்தப் புழுக்களால் முடியாது. முட்டையோ குஞ்சோ வெளியே போய்த்தான் அடுத்த தலைமுறை. அதனால் ஒவ்வொரு புழுவும் நீண்ட நாள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

அந்தச் சுரப்பை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

எலியின் சிறுகுடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டிஸ் என்ற புழுவை எடுத்துக்கொள்வோம். குடலைத் திறந்தால் சிவப்பு நூலைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். பொறுக்கி எடுத்து, உப்புக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவி, 37 டிகிரி சூட்டில் ஊட்டத் திரவத்தில் விடுவோம். சில நாளுக்கு ஒரு முறை அந்தத் திரவத்தை எடுத்து வடிகட்டிச் செறிவாக்குவோம். பார்க்க வெறும் தண்ணீர்தான். அதற்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன.

ஒரே ஒரு புரதத்தையாவது விளக்கமாகச் சொல்லுங்களேன்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். குடலின் உட்சுவர் செல் காயப்பட்டுச் சாகும்போது ஐஎல்-33 என்ற மூலக்கூறு வெளியே வந்து, "ஆபத்து" என்று கூப்பாடு போடும். அதைக் கேட்டுத்தான் புழுவை விரட்டும் படை திரளும். இந்தப் புழுவின் ஹெச்பி-ஆரி புரதம் அந்த ஐஎல்-33-ஐப் பிடித்து, செத்த செல்லின் டிஎன்ஏவோடேயே கட்டிப்போட்டுவிடுகிறது. கூப்பாடு செல்லைத் தாண்டி வெளியே கேட்பதில்லை.

இரண்டாவது இன்னும் வியப்பு. "போதும், அடங்கு" என்று நம் உடம்பே சொல்லும் சிக்னல் டிஜிஎஃப்-பீட்டா. இந்தப் புழு அதே வேலையைச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது என்று கிளாஸ்கோவில் ரிக் மெய்செல்ஸ் குழுவினர் 2017-இல் காட்டினார்கள். அமைப்பில் அது டிஜிஎஃப்-பீட்டா மாதிரியே இல்லை. வேறு குடும்பத்துப் புரதத்தை வளைத்து, நம் பூட்டுக்குப் பொருந்தும் சாவியைப் புழுவே செய்துகொண்டிருக்கிறது. எலியின் செல் மட்டுமில்லை, மனிதனின் டி செல் என்ற வெள்ளணுவும் அதற்குப் பணிந்து, சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லாக மாறுகிறது. முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவுக்கு யானைக்கால். பெரியப்பாவுக்கு ராத்திரி ரத்தம் எடுத்ததில் புழு இருந்தது, ஆனால் கால் நன்றாக இருந்தது. எப்படி?

நல்ல கேள்வி. ரத்தத்தில் நுண்புழு, அதாவது யானைக்கால் புழுவின் குஞ்சு, ஓடிக்கொண்டிருக்கும் பலரிடம் எதிர்ப்பு வேகம் தணிந்தே இருக்கும். அடக்கும் சிக்னலான ஐஎல்-10 கூடியிருக்கும். புழு சுரக்கும் சிஸ்டாடின் போன்ற புரதங்கள், அந்நியப் பொருளைத் துண்டாக்கிக் காட்டும் நம் செல்களின் வேலையையே முடக்குகின்றன. சிலருக்கு அந்தத் தணிவு அமைவதில்லை. அவர்களுக்கு நிணநீர்க் குழாயில் அழற்சி மூண்டு கால் வீங்குகிறது. அதற்காகப் பெரியப்பா நலம் என்று விட்டுவிடக் கூடாது. அவர் ரத்தத்திலிருந்து கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோகும், வெளியே தெரியாமல் நிணநீர்க் குழாயும் கெடும். மருந்து கட்டாயம்.

அப்படியென்றால் புழு இருந்தால் அலர்ஜி, ஆஸ்துமா வராதா? நாமே விழுங்கலாமா?

விழுங்க வேண்டாம். தடயங்கள் இருப்பது உண்மை. ஆப்பிரிக்காவின் காபோனில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பூச்சி மருந்து கொடுத்தபோது, வீட்டுத் தூசிச் சிற்றுண்ணிக்கு அவர்கள் தோல் காட்டும் அலர்ஜி கூடியது. அர்ஜென்டினாவில், எதிர்ப்பு சக்தியே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய் உள்ள 12 பேருக்குப் புழுத்தொற்று இருந்த காலத்தில் நோய் அடங்கியே இருந்தது என்று 2007-இல் எழுதினார்கள். பன்றியின் சாட்டைப்புழு முட்டை 2,500-ஐ இரண்டு வாரத்துக்கொரு முறை குடலழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்த சின்னச் சோதனை 2005-இல் நம்பிக்கை தந்தது. ஆனால் கிரோன் என்ற ஒரு வகைக் குடலழற்சி நோய்க்காக அடுத்து வந்த பெரிய சோதனைகளில் பலன் நிற்கவில்லை.

என்னைக் கேட்டால், தேட வேண்டியது புழுவை இல்லை, அது சுரப்பதைத்தான். ஈஎஸ்-62 என்று ஒரு புரதம், கொறிப்பிராணிகளில் வாழும் ஃபைலேரியா புழுவுடையது (யானைக்கால் புழுவின் உறவு). எலிகளுக்கு வரவழைத்த மூட்டுவாதத்தை அது தணிக்கிறது. அதைப் பார்த்துச் சின்ன மூலக்கூறுகளைச் செயற்கையாகச் செய்து பார்க்கிறார்கள். எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

மகனுக்குப் பள்ளியில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கப் போகிறார்கள். இதையெல்லாம் படித்தபின் கொடுக்கலாமா என்று தயக்கம்.

தயங்காமல் கொடுங்கள் அம்மா. கொக்கிப்புழு ஒவ்வொன்றும் தினமும் ரத்தம் குடிக்கும். நிறைய இருந்தால் பிள்ளை வெளுத்துப் போவான், வகுப்பில் சோர்ந்து உட்காருவான். புழு தணித்து வைத்த எதிர்ப்பு சக்தியால் சில தடுப்பூசிகளின் பலனும் குறையலாம். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி. அன்று காய்ச்சல் இருந்தால் மட்டும் சொல்லிவிட்டு, உடம்பு சரியானபின் போடலாம். முழுதாக விழுங்கவிடாமல் நன்றாகச் சப்பிச் சாப்பிடச் சொல்லுங்கள்.