ரோமானியச் சட்டம் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

சட்டக் கல்லூரியில் படிக்கும் மகள், ஆய்வுக்கட்டுரைக்கு ரோமானியத் தனியார் சட்டத்தை (சொத்து, ஒப்பந்தம் என்று தனிமனிதர்களுக்கு இடையிலான சட்டத்தை) எடுக்கப் பிடிவாதமாக இருக்கிறாள், பிழைப்புக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. 'ரோமானியச் சட்ட நிபுணர்' தேவை என்று எவரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரே சிக்கலை இரண்டு மூன்று நாட்டுச் சட்டங்களில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பன்னாட்டு ஒப்பந்தங்களிலும் நடுவர் தீர்ப்பாயங்களிலும் கல்லூரிகளிலும் இடமுண்டு. அந்தப் பழக்கத்தை இந்தப் பாடம் தரும். தலைப்பு குறுகலாக இருந்தால் மட்டும்.

'ரோமானியச் சட்டமும் இந்தியச் சட்டமும்' என்று எடுத்தால் கட்டுரை நிற்காது. ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைகளிலிருந்து கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட தொகுப்பு வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். எந்தக் காலத்துச் சட்டம் என்று தேர்வாளர் கேட்பார்.

ஒரே கேள்வியை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிரய ஒப்பந்தம் போட்டாயிற்று. கைமாறும் முன் வீடு எரிந்துவிட்டது. நட்டம் யாருக்கு? ஜஸ்டினியனின் சட்டப் பாடநூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்' மூன்றாம் நூல், 23-ஆம் தலைப்பின்படி வாங்குபவருக்கு; வீடு இன்னும் அவருடையதாகவில்லை, ஆனாலும் விலையைக் கொடுத்தாக வேண்டும். ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 446-ஆம் பிரிவு, ஒப்படைத்த பிறகே நட்டத்தை வாங்குபவர் தலையில் வைக்கிறது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பில் (பிரிவு 1583) பொருளும் விலையும் ஒத்துக்கொண்டதுமே உரிமை மாறிவிடும்; நட்டமும் கூடவே போகும். ரோமின் முடிவேதான், வந்த வழி வேறு. நம் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 54-ஆம் பிரிவைப் பாருங்கள்: கிரய ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தராது. ஆங்கிலேயர் எழுதிய சட்டம்தான். ஆனாலும் ஒப்பந்தம் வேறு, உரிமை மாற்றம் வேறு என்ற ரோமானியப் பிரிப்புக்கு இந்த இடத்தில் நெருங்கி வருகிறது. இது ஏன் என்று தேடினாலே நல்ல கட்டுரை கிடைத்துவிடும்.

பெயர் ஒற்றுமையை நம்பி ஏமாறுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. ரோமின் 'உசுகாப்பியோ'வையும் நம் எதிரிடை அனுபோகத்தையும் ஒன்றென்று எழுதிவிடுவார்கள்; இரண்டுமே ஒரு சொத்தைக் குறிப்பிட்ட காலம் அனுபவித்து உரிமை பெறும் வழிகள். செவ்வியல் காலச் சட்டத்தில் நிலத்துக்கு 2 ஆண்டு போதும், ஆனால் நல்லெண்ணமும் கிரயம் போன்ற முறையான காரணமும் இருக்க வேண்டும். இங்கே 12 ஆண்டு. நல்லெண்ணம் தேவையில்லை, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்திருக்க வேண்டும்.

லத்தீன் தெரியாததால் தயங்க வேண்டாம். ரோமானியச் சட்ட அறிஞர் கயஸின் பாடநூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. மொத்தம் நான்கு பாகம், சொத்து பற்றிய இரண்டாவதிலிருந்து தொடங்கலாம். இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் ரோமன்-டச்சுச் சட்டம் (டச்சுக்காரர்கள் கொண்டுவந்த, ரோமானியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டம்) இன்றும் நடைமுறையில் இருப்பதால், அந்நாட்டுத் தீர்ப்புகளையும் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். முனைவர் பட்டம் வரை போவதானால் மட்டும் லத்தீனை இப்போதே தொடங்கட்டும்.

பிறகு ஜெர்மனிக்குப் போய் எல்.எல்.எம். (சட்டத்தில் முதுநிலைப் பட்டம்) படிக்க நினைத்தால், அந்தப் பட்டம் மட்டும் அங்கே வழக்கறிஞராக்காது. அதற்கான வழக்கமான வழி இரண்டு அரசுத் தேர்வுகள். இங்கே கல்லூரி ஆசிரியப் பணிக்கு யு.ஜி.சி. நெட் என்ற தகுதித் தேர்வையும் கணக்கில் வையுங்கள். ஓராண்டு வெளிநாட்டுப் பட்டம் இங்கே இணையாக ஏற்கப்படுமா என்பதை, கட்டணம் கட்டும் முன்பே அதிகாரப்பூர்வமாக விசாரித்துவிடுங்கள்.