பருப்பு ஏன் அவியவில்லை?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தோம். கணவரின் வேலை காரணமாக ஆகஸ்ட் மாதம் கல்கரிக்கு வந்துவிட்டோம். நகரின் தென்கிழக்கு ஓரத்தில் புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடு. கார் கணவரோடு போய்விடும். நாலு வயது மகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்கிறார்கள். ஒன்பது வயது மகன் பழைய வீட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். நான் பகல் முழுவதும் ஸ்கார்பரோவோடு தொலைபேசியில்தான் இருக்கிறேன். கணவர் "பழகிவிடும்" என்கிறார். மாமி ஒன்றும் சொல்வதில்லை. பருப்பு அவிவதில்லை, தன் கைப்பக்குவம் போய்விட்டது என்று மட்டும் கவலைப்படுகிறார். திரும்பிப் போய்விடலாமா?

– வாசகி, கல்கரி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் முழுக் கடிதத்தையும் மூன்று முறை படித்தேன். கணவரைப் பற்றி ஒரு பக்கம், மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மாமியைப் பற்றி இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியில்தான் நின்றுவிட்டேன்.

முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்கரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். அந்த உயரத்தில் தண்ணீர் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளே சூடு போதாது. ரொறன்ரோ ஏரிக்கரை ஊர், அங்கே இந்தத் தொல்லை இல்லை. மைசூர்ப் பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள், தண்ணீர் கொஞ்சம் கூட விடுங்கள், மூடி போட்டு இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் விடுங்கள். கடலைக்கும் கௌபிக்கும் பிரஷர் குக்கர் இல்லாமல் சரிவராது. தோசை மா புளிக்கவில்லை என்றும் விரைவில் சொல்லப்போகிறார். மாவை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் இரவு முழுக்க எரியவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், ஐம்பது வருடம் சமைத்த ஒருவருக்குப் பருப்பு அவியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. ஸ்கார்பரோவில் அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். கோயிலுக்கு ஒரு பஸ், தமிழ்க் கடைக்கு ஒரு நடை, ஊர்க்கதை கதைக்க நாலு பேர், தமிழில் நோவு சொல்ல ஒரு டாக்டர். அங்கே அவர் யாருடைய தயவும் இல்லாமல் வெளியே போய்வந்தார். இப்போது கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாத இடத்தில் இருக்கிறார். உங்கள் ஐந்து பேரில் அதிகம் இழந்தவர் அவர்தான். மகன் வீட்டில் இருந்துகொண்டு குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. அதனால் பருப்பைச் சொல்லி அழுகிறார்.

இனி கார். உங்கள் கணவர் நகர மையத்தில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கல்கரியில் அந்த மையத்துக்குச் சி-ட்ரெயின் என்ற நகர ரயில் போகிறது. தெற்கே ஏதாவதொரு நிலையத்தில் இறங்கிக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் காரை உங்களிடம் விட்டுவிட்டு அவர் ரயிலில் போகட்டும். "பழகிவிடும்" என்று சொல்பவர் முதலில் தானே ஒன்றுக்குப் பழகிக்கொள்வதில் தப்பில்லை. உங்கள் ஒன்ராறியோ உரிமத்தை மாற்றிவிட்டீர்களா? கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் குடியேறி 90 நாட்களுக்குள் மாற்றியிருக்க வேண்டும். பரீட்சை எதுவும் இல்லை, கொடுத்துவிட்டு வாங்குவதுதான்.

முகவரியில் கடைசியாக வரும் திசையையும் கவனியுங்கள். கல்கரியை நாலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே எண், ஒரே தெருப்பெயர் வடகிழக்கிலும் இருக்கும், தென்கிழக்கிலும் இருக்கும். தெற்காசியக் கடைகள் அதிகம் இருப்பது வடகிழக்கில். உங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாமியோடு போங்கள். சாமான் பட்டியலை அவர் எழுதட்டும், விலையையும் அவரே பேசட்டும்.

மகளின் விஷயத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஒன்ராறியோவில் நாலு வயதிலேயே பாலர் வகுப்பு தொடங்கிவிடும். அல்பேர்ட்டாவில் ஐந்தில்தான், அதுவும் பல இடங்களில் அரை நாள். இந்த ஒரு வருடம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கோபம் வந்தால் கோபப்படுங்கள், நியாயமான கோபம்தான். நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம் உண்டு, அங்கத்துவம் இலவசம்.

நூலகம் என்றதும் மகன் ஞாபகம் வருகிறது. அந்தச் சாவியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், அதைப் பற்றிக் கேலியும் வேண்டாம். "இங்கே மலை இருக்கிறதே, பான்ஃப் பக்கத்தில்தானே" என்று அவனுக்கு ஊரை விற்கவும் வேண்டாம். பிள்ளைகள் விளம்பரத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நகர மையத்தில் 2018இல் திறந்த மத்திய நூலகம் ரயில் பாதைக்கு மேலேயே கட்டப்பட்டது. கட்டடத்துக்கு அடியிலிருந்து சி-ட்ரெயின் வெளியே வருவதை மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை அப்பம்மாவை அங்கே கூட்டிப்போகும் வேலை அவனுடையது. எந்த ரயில், எங்கே இறங்குவது, டிக்கெட் எங்கே எடுப்பது எல்லாவற்றையும் அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் பின்னால் சும்மா நடங்கள். தப்பான ரயிலில் ஏற்றினால் ஏறிக்கொள்ளுங்கள்.

தொலைபேசியைப் பற்றி உங்களைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த முதல் ஆறு மாதம், தலைமுடி வெட்டுவதற்குக்கூட நான் மொன்றியலுக்குப் பஸ் ஏறினேன். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். அந்தப் பெண் ஒரு நாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, ரொறன்ரோவில் யாருக்கும் முடி வளர்வதில்லையா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆகவே பேசுங்கள், ஆனால் காலைச் சமையலோடு முடித்துவிடுங்கள். உங்கள் ஊர் இரண்டு மணி நேரம் பிந்தியது. நீங்கள் இரவு எட்டு மணிக்கு ஓய்ந்து உட்காரும்போது அங்கே பத்து மணி, தோழிகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசுவார்கள். அந்தக் கொட்டாவியைத்தான் நீங்கள் "அவர்கள் மாறிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மாமிக்கு அடிக்கடி தலையிடி என்றும் ஒரு சொல் வருகிறது. ரொக்கி மலையிலிருந்து குளிர்காலத்தில் சினூக் என்று ஒரு வெப்பக் காற்று வீசும். சில மணி நேரத்தில் பனி உருகி ஓடும். மேற்கு வானத்தில் முகில் வில்லாக வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பலருக்கு அப்போது தலையிடி வரும். ஆனால் எல்லாவற்றையும் காற்றின் மேல் போடாதீர்கள். அந்த வயதில் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் வந்தவர்களுக்கு அல்பேர்ட்டா சுகாதார அட்டை நவம்பர் முதலாம் திகதியிலிருந்து செல்லும், அதுவரை ஒன்ராறியோ அட்டைதான். விண்ணப்பிக்காமல் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். குடும்ப டாக்டர் கிடைக்கும் வரை 811 என்ற சுகாதார ஆலோசனை எண்ணுக்கு அழைத்து, தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். மாமியே பேசட்டும். உங்கள் வாய் வழியாகச் சொன்னால் பாதி நோவை மறைத்துவிடுவார்.

திரும்பிப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகலாம். அது தோல்வியும் இல்லை. ஆனால் டிசம்பரில் முடிவு எடுக்காதீர்கள். எட்டரை மணிக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும் மாதத்தில், எந்த ஊரில் இருந்தாலும் மனிதருக்கு வேறு ஊர்தான் வேண்டும். ஜூன் மாதம் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூலை முதல் வாரம் என்று நாள் குறித்து, கணவரோடும் மாமியோடும் ஒரே மேசையில் இருந்து பேசுங்கள். அன்றைக்கு மாமியை முதலில் பேச விடுங்கள். "உங்கள் விருப்பம்தான் பிள்ளை" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், இன்னொரு தேநீர் ஊற்றிக்கொடுத்துத் திரும்பவும் கேளுங்கள்.

பின்குறிப்பு: ரொறன்ரோவில் நடைபாதைப் பனியை நகரசபையே தள்ளிவிடும். கல்கரியில் வீட்டுக்கு முன்னால் உள்ளதை வீட்டுக்காரர்தான், பனி நின்று 24 மணி நேரத்துக்குள் தள்ள வேண்டும். கணவரிடம் சொல்லிவையுங்கள்.